கும்பினியாரின் அபினிப் பெட்டி

ராயபுரத்தில் ஆரம்பித்துக் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் ஒரு தடவை போய் வந்த நேயர்களுக்கு, அந்தச் சாலையில் யாருடைய ராஜ்யம் நடக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. கன்டெய்னர் லாரிகளின் ராஜ்யந்தான்! அறை போன்ற இரும்புப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு, ஒன்றன் பின் ஒன்றாக அவை துறைமுகத்து வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். பெட்டிக்குள் இருப்பது துணியா, தோலா, மோட்டார் உறுப்புகளா என்று பக்கத்தில் போகிற நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் எப்போதாவது ஒரு நாள் காலைப் பத்திரிகையைப் பிரித்தால், ஏதோ ஒரு துறைமுகத்தில் இப்படிப்பட்ட பெட்டியொன்றைச் சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்ததாகவும், உள்ளே போதைப் பொருள் அகப்பட்டதாகவும், சர்வதேசக் கடத்தல் கூட்டத்தின் கைவரிசை என்று சந்தேகிப்பதாகவும் ஒரு செய்தி கண்ணில் படும். "கலி முற்றிவிட்டது" என்று நாமும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம்.

கலி இப்போதுதான் முற்றியதா? சென்னைக் கடற்கரைக்கு வாய் இருந்தால் வேறு கதை சொல்லும். 1840-ம் வருஷத்தில், இங்கே துறைமுகம் என்று ஒன்று ஏற்படாத காலத்தில், சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்கள் மசூலாப் படகுகளில் ஏறி, அலைகளைத் தாண்டி, தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நின்ற கப்பல்களை அடைந்தார்கள். அவர்கள் போன இடம் சீன தேசம். அவர்கள் துப்பாக்கி பிடித்தது, அதுவரை உலகம் கண்டிராத பெரிய போதைப் பொருள் வியாபாரத்தைக் காப்பதற்காக. அந்த வியாபாரத்துக்கு மூலபுருஷராயிருந்த கூட்டத்தாருக்கு ராஜ முத்திரை இருந்தது. கச்சேரியும் கோர்ட்டும் இருந்தன. பீரங்கி ஏற்றிய கப்பல்களும் இருந்தன. அவர்கள்தான் கிழக்கிந்தியக் கும்பினியார்.

அந்தக் கூட்டம் எப்படித் தழைத்தது, எப்படிப் பட்டுப்போயிற்று என்பதை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அதில் நமக்கு இன்று வேண்டிய ஒரு பாடம் இருக்கிறது.

கூட்டத்தின் லக்ஷணம்

போதைப் பொருள் கூட்டம் என்றதும் இக்காலத்தவர்களுக்குத் தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா தேசமும், அங்கே மெடலின் நகரத்தில் ஆதிக்கம் செலுத்திய பாப்லோ எஸ்கோபாரும் ஞாபகத்துக்கு வருவது வழக்கம். 1970-க்குப் பிறகு தலையெடுத்த அந்தக் கூட்டம், கொக்கெயினை ஆகாய விமானங்களில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிக் கோடி கோடியாகச் சம்பாதித்தது. எதிர்த்தவர்களை வாழ விடவில்லை. 1984-ல் நீதி மந்திரி ஒருவர் கொல்லப்பட்டார். 1989-ல் ராஷ்டிரபதி பதவிக்கு நின்ற அபேக்ஷகர் ஒருவர் பொதுக் கூட்டத்தில் சுடப்பட்டார். கடைசியில் 1993-ம் வருஷம் டிசம்பர் 2-ம் தேதி, எஸ்கோபார் ஒரு வீட்டுக் கூரைமேல் சுட்டு வீழ்த்தப்பட்டார். அத்துடன் வியாபாரம் தொலைந்ததா? இல்லை. காலி நகரத்துக் கூட்டத்தார் அதை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய தலைவர்கள் 1995-ல் பிடிபட்டபோது வேறு சிலர் எடுத்துக்கொண்டார்கள். தலை போயிற்று; வியாபாரம் போகவில்லை.

இத்தகைய கூட்டங்களின் காரியக் கிரமத்தைக் கவனித்தால் ஐந்து அம்சங்கள் தென்படும். பயிரிடுகிறவனை முன்பணத்தால் கட்டிப்போடுவது முதலாவது. சரக்கைப் பக்குவம் செய்து, இன்னாருடைய சரக்கு என்று பெயர் வாங்குவது இரண்டாவது. கடத்துகிற வேலையைப் பிறர் கையில் விட்டுத் தான் சுத்தமாக இருப்பது மூன்றாவது. காவல் காக்கிறவனுக்குக் கையூட்டுக் கொடுப்பது நான்காவது. எதுவும் பலிக்காவிட்டால் துப்பாக்கியைத் தூக்குவது ஐந்தாவது. இந்த ஐந்தையும் எஸ்கோபார் பிறப்பதற்கு நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே கங்கைக் கரையில் நடத்திக் காட்டிவிட்டார்கள்.

மாமரப் பெட்டி

1773-ம் வருஷத்தில், வங்காளத்து அபினி முழுவதும் கும்பினியாருக்கே உரியது என்று வாரன் ஹேஸ்டிங்ஸ் ஏற்பாடு செய்தார். ஆரம்பத்தில் குத்தகைக்காரர்கள் இருந்தார்கள். 1797 முதல் அவர்களையும் நீக்கிவிட்டுக் கும்பினியார் நேராகவே தங்கள் ஏஜெண்டுகள் மூலம் காரியத்தை நடத்தினார்கள். பாட்னாவில் ஒரு ஏஜென்ஸி. காசிப் பிரதேசத்துக்குக் காஜிப்பூரில் ஒரு ஏஜென்ஸி.

குடியானவனுக்கு வட்டியில்லாமல் முன்பணம் கிடைக்கும். கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கிறது! ஆனால் விளைந்தது அத்தனையையும் கும்பினியாரிடமே கொடுக்க வேண்டும். விலையையும் அவர்களே சொல்வார்கள். முன்பணத்தை வாங்கிக்கொண்டு விதைக்காமல் விட்டால் மூன்று பங்கு அபராதம். கும்பினியாருக்கென்று இல்லாமல் தனக்கென்று ஒருவன் கசகசாச் செடி பயிரிட்டால் அது குற்றம். நெல்லும் கோதுமையும் விளைய வேண்டிய நல்ல நிலத்தில், ஊர் முழுவதும் வெள்ளைப் பூப் பூத்து நின்றது.

பூ உதிர்ந்து காய் முற்றியதும், மாலை வேளையில் சிறு கத்தியால் காயைக் கீறி விடுவார்கள். இரவெல்லாம் கசிந்து உறைந்த பாலை மறுநாள் காலையில் சுரண்டி எடுப்பார்கள். அதுதான் அபினி. தொழிற்சாலையில் அதை உருண்டைகளாகப் பிடித்து, உதிர்ந்த பூவிதழ்களையே ஒட்டி அடுக்கி மேலுறை செய்து, உலர வைத்து, மாமரப் பலகைப் பெட்டியில் பெட்டிக்கு 40 உருண்டையாக அடுக்குவார்கள். ஒரு பெட்டி சுமார் 140 பவுண்டு நிறை. கும்பினி முத்திரையிட்ட அந்தப் பெட்டிக்குச் சீனத்தில் இருந்த மதிப்பு வேறெந்தச் சரக்குக்கும் இல்லை. எடை குறையாது, கலப்படம் இராது என்று அங்கே கள்ள வியாபாரிகள் கூட நம்பி வாங்கினார்களாம்! பாவத் தொழிலிலும் நாணயம் தவறாதவர்கள் என்ற கீர்த்தியைக் கும்பினியார் இவ்விதம் சம்பாதித்துக்கொண்டார்கள்.

தேயிலையும் வெள்ளியும்

இவ்வளவு பாடும் எதற்காக? தேயிலைக்காக. இங்கிலாந்து தேசத்து ஜனங்களுக்குச் சீனத்துத் தேயிலை இல்லாமல் பொழுது விடியாது என்ற நிலைமை ஏற்பட்டிருந்தது. சீனர்களோ இங்கிலாந்துச் சாமான் எதையும் அதிகமாக விரும்பவில்லை. வெள்ளியைக் கொடு என்றார்கள். கப்பல் கப்பலாக வெள்ளி போவதைக் கண்டு கும்பினியாருக்கு வயிறு எரிந்தது. சீனன் விரும்பி வாங்குகிற ஒரு சரக்கு வேண்டும். ஒரு தடவை வாங்கினால் மறுபடியும் வாங்காமல் இருக்க முடியாத சரக்காக இருந்தால் இன்னும் சிலாக்கியம். அபினி கிடைத்தது.

சீனச் சக்கரவர்த்தியின் சர்க்கார் 1729-லேயே அபினிப் புகைக்குத் தடை போட்டிருந்தது. 1800-க்கு முன்பே அதன் இறக்குமதியையும் தடுத்திருந்தது. ஆகையால் கும்பினியார் தங்கள் சொந்தக் கப்பல்களில் அதை ஏற்றுவதைத் தவிர்த்தார்கள். கல்கத்தாவில் பகிரங்கமாக ஏலம் போடுவார்கள். ஏலம் எடுத்தவர்கள் அப்புறம் எங்கே கொண்டு போகிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாது என்பார்கள். ஏலம் எடுத்தவர்களோ கான்டன் நகரத்துக்கு எதிரே லின்டின் தீவில் நிறுத்தியிருந்த பழைய கப்பல்களில் சரக்கை இறக்குவார்கள். அங்கிருந்து பல துடுப்புகள் கொண்ட வேகப் படகுகளில் சீனக் கடத்தல்காரர்கள் கரைக்குக் கொண்டு போவார்கள். கரையிலிருந்த அதிகாரிகளுக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று மாமூல் ஏற்பட்டிருந்தது. விற்ற பணம் கான்டனிலிருந்த கும்பினிக் கஜானாவில் கட்டப்படும். அதற்கு ஈடாக லண்டன் மேல் உண்டியல் கிடைக்கும். அந்தப் பணத்தைக் கொண்டே கும்பினியார் தேயிலை வாங்குவார்கள். கள்ளப் பணத்தை வெள்ளைப் பணமாக்கும் வித்தை நம் காலத்தில்தான் பிறந்தது என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இந்த லாபத்தில் வெள்ளைக்காரர்கள் மட்டும் பங்கு பெற்றார்கள் என்று சொல்வதும் சத்தியமாகாது. கும்பினிக் கப்பலில் வைத்தியராக இருந்த வில்லியம் ஜார்டைன் அபினியால் பெரும் பிரபுவானார். அவருடன் வியாபாரம் செய்து செழித்தவர்களில் பம்பாயின் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயும் ஒருவர். சுதேச ராஜ்யங்களில் விளைந்த மாளவத்து அபினி பம்பாய் வழியாகச் சென்றது. பம்பாயின் பல பெரிய தர்ம ஸ்தாபனங்களின் அஸ்திவாரத்தில் அந்தப் பணம் கலந்திருக்கிறது.

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருஷத்துக்குச் சுமார் 4,000 பெட்டிகள் சீனாவுக்குப் போயின. 1838-ஐ ஒட்டி அது 40,000 பெட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. முன்பு சீனாவுக்குள் ஓடி வந்த வெள்ளி இப்போது வெளியே ஓடலாயிற்று.

உப்பும் சுண்ணாம்பும்

1839-ம் வருஷம் மார்ச்சு மாதம், லின் ஸேஷு என்ற அதிகாரி சக்கரவர்த்தியின் விசேஷப் பிரதிநிதியாகக் கான்டனுக்கு வந்து சேர்ந்தார். கையூட்டு வாங்காதவர் என்று பெயர் பெற்றவர். அன்னிய வர்த்தகர்களை அவர்களுடைய கிடங்குகளிலேயே முற்றுகையிட்டு, 20,283 பெட்டிகளை ஒப்புவிக்கும்படி செய்தார். பிறகு ஹூமென் என்னுமிடத்தில், கடலோரமாகப் பெரிய குழிகள் வெட்டி, தண்ணீரும் உப்பும் சுண்ணாம்பும் சேர்த்து, மூன்று வாரத்துக்கு மேலாக அவ்வளவு அபினியையும் கரைத்துக் கடலில் விட்டார். ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட விஷம்! கடலை இப்படி அசுத்தப்படுத்த நேர்ந்ததற்காகக் கடல் தேவதைக்குப் பூஜை செய்து மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். அன்னிய தேசத்து ஜனங்களைக் கெடுக்கும் சரக்கை அனுப்புவது நியாயமா என்று விக்டோரியா மகாராணிக்கு ஒரு கடிதமும் எழுதினார். அது மகாராணியின் கையில் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

பதிலாக யுத்தக் கப்பல்கள் வந்தன. பிரிட்டிஷ் பார்லிமெண்டில் கிளாட்ஸ்டன் இந்த யுத்தம் தேசத்துக்கே தீராத களங்கம் என்று ஆத்திரத்துடன் பேசினார். 1840-ம் வருஷம் ஏப்ரலில் ஓட்டு எடுத்தபோது, மந்திரி சபைக்கு எதிரான பிரேரணை 262-க்கு 271 என்று ஒன்பதே ஓட்டில் தோற்றது. ஒன்பது ஓட்டு மாறியிருந்தால் நம்முடைய சென்னைச் சிப்பாய்கள் படகேறியிருக்க மாட்டார்கள்.

மழையில் நனைந்த துப்பாக்கி

சென்னைச் சிப்பாய்களைப் பற்றி அதிகமாக எழுதப்படவில்லை. தமிழ், தெலுங்கு ஜில்லாக்களின் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் கலந்த சேனை அது. வங்காளத்துச் சிப்பாய்களைப் போல் கடல் கடக்க மறுக்காதவர்கள் என்பதால், கடல் தாண்டிய யுத்தம் என்றால் சென்னைப் பட்டாளத்தையே கூப்பிடுவது கும்பினியாரின் வழக்கம். சீனத்துக்கு முதலில் அழைக்கப்பட்டது 37-வது சென்னைக் காலாட்படை. அதன் ஒரு பகுதியை ஏற்றிச் சென்ற 'கோல்கொண்டா' என்ற கப்பல் 1840-ல் சீனக் கடலில் புயலில் சிக்கியது. அதில் இருந்தவர்களில் ஒருவரும் கரை சேரவில்லை.

மற்றவர்கள் கான்டனை அடைந்தார்கள். 1841-ம் வருஷம் மே மாதக் கடைசியில், நகரத்துக்கு வடக்கே ஸான்யுவான்லி என்ற கிராமப் பக்கத்தில், பட்டாளங்களின் அட்டூழியத்தைப் பொறுக்க முடியாத குடியானவர்கள் ஈட்டியும் மண்வெட்டியுமாக ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அப்போது இடியும் மழையும் கொட்டின. 37-வது படையைச் சேர்ந்த சுமார் அறுபது சிப்பாய்கள் மற்றவர்களிடமிருந்து பிரிந்து, வயல்களின் நடுவே அகப்பட்டுக்கொண்டார்கள். மருந்து நனைந்து துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. நாற்சதுரமாக நின்று, துப்பாக்கி முனையிலிருந்த ஈட்டியாலேயே இருட்டும் வரையில் சமாளித்தார்கள். ஈரம் தாக்காத புதிய துப்பாக்கி வைத்திருந்த கடற்படை வீரர்கள் வந்து அவர்களை மீட்டார்கள்.

சீனத்துப் பள்ளிக்கூடங்களில் அந்தக் குடியானவர்களின் வீரத்தை இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மழையில் எதிரே நின்ற நம்மவர்களைப் பற்றி நாம் நம் குழந்தைகளுக்கு என்ன சொல்வது? தைரியசாலிகள் என்று சொல்லலாம். அவர்கள் கொண்டுபோன தைரியம் யாருக்கு உபயோகப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வயலின் ஒரு பக்கத்தில் அபினி வாங்கும் தேசத்துக் குடியானவன். மறு பக்கத்தில் அபினி விளையும் தேசத்துக் குடியானவனின் பிள்ளை. விற்றவன் இருவரிலும் ஒருவனல்ல.

1842-ல் இன்னும் பல சென்னைப் பட்டாளங்கள் போய்ச் சேர்ந்தன. சின்கியாங் என்ற நகரம் விழுந்தபோது, மஞ்சு வீரர்களின் குடும்பங்கள் எதிரி கையில் சிக்குவதைவிடச் சாவதே மேல் என்று குழந்தை குட்டிகளுடன் உயிரை மாய்த்துக்கொண்டன. அந்த வருஷம் ஆகஸ்டு 29-ம் தேதி நான்கிங்கில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சீனா 2 கோடியே 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும். அதில் 60 லட்சம், லின் அழித்த அபினிக்கு விலை! ஹாங்காங் தீவு பிரிட்டிஷாருக்குப் போயிற்று. லின் ஸேஷு எல்லைப்புறத்துக்கு நாடு கடத்தப்பட்டார். சென்னைப் பட்டாளங்களுக்குத் தங்கள் கொடியில் சீன டிராகன் உருவத்தைப் பொறித்துக்கொள்ளும் கௌரவம் கிடைத்தது. 1856-ல் தொடங்கிய இரண்டாவது யுத்தத்தின் நடுவில், 1858-ல், அபினி சீனத்துக்குள் வரி கட்டி நுழையும் சட்டபூர்வமான சரக்காயிற்று.

வருமானம் என்ற சங்கிலி

1857 கலகத்துக்குப் பின் கும்பினி ஆட்சி மறைந்தது. ஆனால் அபினிப் பெட்டி மறையவில்லை. மகாராணியின் சர்க்கார் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. மெடலின் போய்க் காலி வந்த கதைதான்! உற்பத்திச் செலவைப்போல் மூன்று நான்கு மடங்கு ஏலத்தில் கிடைத்தது. இந்திய சர்க்காரின் வருமானத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை அபினி கொடுத்தது. 1880-ஐ ஒட்டி வருஷத்துக்கு 90,000 பெட்டிக்கு மேல் ஏற்றுமதி. அந்த வருமானம் போனால் பட்டாளத்துக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்டார்கள். நல்லவர்கள்கூட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தார்கள்.

1893-ல் நியமித்த ராயல் கமிஷன் எழுநூறுக்கு மேற்பட்ட சாக்ஷிகளை விசாரித்தது. 1895-ல் அது வெளியிட்ட முடிவு என்ன? அபினியால் அப்படியொன்றும் பெரிய தீங்கில்லை என்பதுதான்! கஜானாவின் கண்ணாடி வழியாகப் பார்த்தவர்களுக்கு விஷமும் மருந்தாகத் தென்பட்டதில் ஆச்சரியமில்லை.

எப்படி விழுந்தது?

இந்தக் கூட்டத்தை யாரும் கூரைமேல் சுட்டு வீழ்த்தவில்லை. மூன்று காரியங்கள் சேர்ந்து அதை வீழ்த்தின.

முதலாவது, சீனர்களே தங்கள் தேசத்தில் கசகசாவைப் பயிரிடத் தொடங்கினார்கள். இந்தியச் சரக்கின் கிராக்கி குறைந்தது. 1900-க்குப் பின் இந்திய வருமானத்தில் அபினியின் பங்கு வெகுவாகச் சுருங்கிவிட்டது.

இரண்டாவது, மனச்சாட்சி. இங்கிலாந்தில் குவேக்கர்களும் பாதிரிமார்களும் 1874 முதல் சங்கம் வைத்துப் போராடினார்கள். நம் தேசத்தில் தாதாபாய் நௌரோஜி இதைக் கண்டித்து எழுதினார். 1881-ல் சுமார் இருபது வயது வாலிபராயிருந்த ரவீந்திரநாத டாகுர், சீனத்தில் நடக்கும் மரண வியாபாரம் என்று இதை வர்ணித்துக் கட்டுரை வரைந்தார். கோகலேயோ, வருமானம் போகுமே என்று தேசபக்தர்களே தயங்கிய காலத்தில், இந்தப் பணத்தை நினைக்கும்போதெல்லாம் தமக்கு ஆழ்ந்த அவமானம் உண்டாகிறது என்று சட்டசபையிலேயே சொன்னார்.

மூன்றாவது, சீனர்களின் உறுதி. பத்து வருஷத்துக்குள் அபினியை ஒழிப்பதென்று 1906-ல் சீனச் சர்க்கார் ஆணை பிறப்பித்தது. வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்காக ஏற்றுமதியைக் குறைத்துக்கொண்டு வருவதாகப் பிரிட்டிஷார் 1907-ல் ஒப்புக்கொண்டார்கள். 1909-ல் ஷாங்காயில் சர்வதேசக் கமிஷன் கூடியது. 1912-ல் ஹேக் நகரத்தில் உடன்படிக்கை. 1913-ல் இந்தியாவிலிருந்து சீனத்துக்கு அபினி போவது நின்றது.

அப்போதும் ஸிங்கப்பூர் போன்ற இடங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. அங்கே கூலி வேலை செய்த சீனர்கள் புகைத்த அபினியால், நீரிணைக் குடியேற்ற சர்க்காருக்கு ஒரு காலத்தில் வருமானத்தில் பாதியளவு கிடைத்தது. 1920-க்குப் பின் அஸ்ஸாமில் காங்கிரஸ்காரர்கள் அபினிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து சிறை சென்றார்கள். மருந்துக்கல்லாத அபினி ஏற்றுமதியைப் பத்து வருஷத்தில் நிறுத்துவதாக 1926-ல் இந்திய சர்க்கார் அறிவித்து, அவ்விதமே நிறுத்தியது. காஜிப்பூர்த் தொழிற்சாலை இன்றும் இருக்கிறது. ஆனால் அங்கே இப்போது நோயாளிகளுக்கான மருந்துச் சரக்குத் தயாராகிறது. 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் கீழ், லைசென்ஸ் இல்லாமல் கசகசாப் பயிரிடுவது கடுங்குற்றம்.

நமக்குரிய பாடம்

வருமானம் பெரிதாக இருந்தவரையில் நியாயம் கண்ணுக்குத் தெரியவில்லை. வருமானம் சுருங்கியதும் நியாயம் பளிச்சென்று தெரிந்தது. இது கும்பினியாருக்கு மட்டும் ஏற்பட்ட கண் நோயா?

நம் ராஜதானியில் ராஜாஜி 1937-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியபோது இந்த நோயை நன்றாக அறிந்திருந்தார். கள்ளுக்கடையை மூடியதோடு அவர் நிற்கவில்லை. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வேறு வருமானத்தைத் தேடிக்கொள்ளாத சர்க்கார், போதை வருமானத்தை விட்டொழிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

1948-ல் ராஜதானி முழுவதும் வந்த மதுவிலக்கு 1971-ல் தளர்ந்தது. நடுவில் கள்ளச் சாராயம் காய்ச்சியவர்களின் கூட்டமும் தழைத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பின்னர் மாறி மாறித் தடையும் தளர்வும் வந்தன. 1983-ல் ஏற்பட்ட சர்க்கார் நிறுவனமான டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. கடை திறந்திருந்தால் கள்ளச் சாராயம் ஒழியும் என்றார்கள். 2024-ம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தடையினால் மட்டும் ஆகவில்லை, கடையினாலும் ஆகவில்லை.

அபினியும் மதுவும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. கள்ளக் கூட்டத்தைப் பிடிக்கப் போலீஸ் வேண்டும். பெட்டியைத் திறந்து பார்க்கச் சுங்க அதிகாரி வேண்டும். அவர்களுடைய சிரமத்தைக் குறைத்துப் பேசுவது தவறு. ஆனால் ஒரு ஜனத்தின் பலவீனத்திலிருந்து பணம் எடுக்கிறவர் யாராயிருந்தாலும், அந்தப் பணத்துக்கு அவர் மெள்ள மெள்ள அடிமையாகிறார். புகைக்கிறவனைவிட அந்த அடிமைத்தனம் விடுபடுவதற்குக் கஷ்டமானது. கும்பினியாருக்கும் அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்கும் அதிலிருந்து விடுபட நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

வருஷந்தோறும் வரவுசெலவுத் திட்டம் வெளியாகும்போது, வரி கூடியதா குறைந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு நாம் பத்திரிகையை மடித்து வைக்கிறோம். அடுத்த தடவை, எந்தப் பணம் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். 1840-ல் படகேறிய சிப்பாய்க்கு அதைக் கேட்க வாய் இல்லை. ஓட்டுரிமை பெற்ற நமக்கு இருக்கிறது.